மாங்கர் வனமும் நில உரிமையும்

தில்லி மாநகரின் தெற்கு எல்லையைக் கடந்ததும், அரியானா மாநிலத்துப் பரீதாபாத் மாவட்டத்தில், ஆரவல்லிக் குன்றுகளுக்கிடையே மாங்கர் பனி என்னும் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அவ்வட்டார வழக்கில் 'பனி' என்பது சிறு காட்டைக் குறிக்கும். தமிழில் வழங்கும் பனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. குதரியா தாஸ் பாபா என்னும் துறவியின் பெயரால் மாங்கர், பந்த்வாரி, பலியாவாஸ் ஆகிய ஊர்களின் குஜ்ஜர் மக்கள் இக்காட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர். மரத்தை வெட்டலாகாது, கிளையை ஒடிக்கலாகாது, ஆடு மேய்க்கலாகாது என்பவை அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள். மீறுவோருக்குத் தீங்கு நேரும் என்பது நம்பிக்கை. நமது ஐயனார் கோயிற்காடுகளை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

காட்டியல் பயிலும் மாணவர் இங்குச் சென்றால், காட்டின் நடுப்பகுதியை விட அதன் எல்லையையே கூர்ந்து நோக்க வேண்டும். எல்லைக்கு உள்ளே நெருங்கி ஓங்கி நிற்பது 'தௌ' என்னும் மரம். இது நமது வெக்காலியின் இனத்தைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் இதன் இலைகள் செம்பு நிறம் கொள்ளும். ஆரவல்லியில் ஆடுகள் ஓயாது மேயும் வேறு சரிவுகளிலும் இதே தௌ உண்டு. ஆனால் அங்கு அது மரமாக இராது. கடித்துக் கடித்துக் குறுகி, பாறைமேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடக்கும். மண்ணும் மழையும் ஒன்றே. மேய்ச்சல் மட்டுமே வேறு. தௌ விதையில் முளைக்கும் திறன் மிகக் குறைவு. ஆயினும் அதன் வேரிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். எனவே நாற்றங்காலில் கன்று வளர்த்து நடுவதைவிட, இருக்கும் வேர்களைக் காத்து விட்டுவிடுவதே இம்மரத்திற்கு ஏற்ற முறையாகும். தில்லி மலைமுகட்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் நடப்பட்ட சீமைக் கருவேலம் விரைவாகப் பசுமை தந்தது உண்மையே. ஆனால் அது பிற செடிகளுக்கு இடம் விடாமல் பரவிவிட்டது.

இப்பாடத்தைப் பின்பற்றியவர்களும் உண்டு. அண்டை நகரான குருகிராமத்தில், கல் வெட்டி எடுக்கப்பட்டுப் பாழாய்க் கிடந்த நிலத்தில், குடிமக்கள் அமைப்பொன்று மாநகராட்சியுடன் சேர்ந்து 2010ஆம் ஆண்டில் ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்காவை உருவாக்கத் தொடங்கியது. எந்த மரத்தை எங்கு வளர்ப்பது என்பதற்கு மாங்கர் போன்ற இயற்கைக் காடுகளே அவர்களுக்கு மாதிரியாயின.

ஆனால் மாங்கரின் நிலை உறுதியானதன்று. ஊர்ப் பொது நிலமாக இருந்தது பின்னாளில் பங்கு பிரிக்கப்பட்டுத் தனியார் பெயரில் பதிவாயிற்று. தலைநகர்ப் பகுதியில் மனை விலை ஏறவே, பல பங்குகள் வெளியாருக்கு விற்கப்பட்டன. கிளையை ஒடிக்க அஞ்சும் குடும்பமே நிலத்தை விற்கவும் செய்தது! இதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஊர் விதி மரத்தைக் காத்ததேயன்றி நிலப் பத்திரத்தைக் காக்கவில்லை. 2016இல் சுமார் 677 ஏக்கர் பரப்பிலும், அதைச் சுற்றி 500 மீட்டர் அகலத்திற்கும் கட்டடம் கூடாதென அரியானா அரசு முடிவு செய்தது. கட்டுமானத்தைத் தடுக்க இது பயன்படும். எனினும் காத்து வந்த ஊராருக்கு இதனால் வருவாய் ஒன்றுமில்லை.

இவ்விடத்தில் மேற்கு வங்கத்து அன்றைய மிதுனபுரி மாவட்டத்தின் அரபாரியை ஒப்பிடுவது பொருத்தமாகும். அங்கு 1971-72இல் வனத்துறை அலுவலர் அஜித் குமார் பானர்ஜி, 1,272 ஹெக்டேர் அழிந்த சால் காட்டைக் காக்கும் பொறுப்பை 11 ஊர்களின் 618 குடும்பங்களிடம் ஒப்படைத்தார். வேலைவாய்ப்பும், விறகு, தீவனம் முதலியவற்றை எடுக்கும் உரிமையும், மரம் விற்ற நிகர வருவாயில் 25 சதவீதமும் அவர்களுக்கு உறுதியளிக்கப்பட்டன. வெட்டப்பட்ட சால் கட்டைகள் மீண்டும் துளிர்த்துக் காடாயின. தௌவைப் போலவே சாலுக்கும் தேவைப்பட்டது காவல்தான். வேறுபாடு, காத்தவர்க்கு இங்குப் பங்கு இருந்தது என்பதே.

இவ்வனுபவத்தை ஒட்டி, 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கைக்குப் பின், 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. கூட்டு வன மேலாண்மை நாடெங்கும் பரவியது. ஆனால் அச்சுற்றறிக்கை கருத்திற்கொண்டது வனத்துறையின் வசமுள்ள, வளம் குன்றிய காடுகளையே. தனியார் பெயரில் பதிவான மாங்கர் அதன் வரம்புக்குள் வரவில்லை.