முற்றத்தில் ஒரு மழைத் தோட்டம்

பிற்பகல் நான்கு மணி. வானம் கறுத்து, இடியுடன் மழை கொட்டுகிறது. அரை மணி நேரத்தில் வீட்டின் முன்னுள்ள கால்வாய் நிரம்பிச் சாலையில் வழிகிறது. "கால்வாயை யாரும் துப்புரவு செய்வதில்லை" என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். அடைபட்ட கால்வாய் ஒரு காரணந்தான். ஆனால், அக்கால்வாய்க்கு அவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது? நம் வீட்டுக் கூரைக்கும் அதில் பங்குண்டு.

ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். ஒரு வீட்டின் முன்பக்கக் கூரை 40 சதுர மீட்டர் எனக் கொள்வோம். 25 மில்லிமீட்டர் மழை நம் நாட்டில் ஒரே பிற்பகலில் பெய்யக்கூடியதே. அப்பொழுது அக்கூரையிலிருந்து மட்டும் 1,000 லிட்டர் நீர் வழிந்தோடும். வரிசையில் 20 வீடுகள் இருந்தால் 20,000 லிட்டர்! 'சிறு துளி பெரு வெள்ளம்' என்பதைச் சேமிப்பைப் பற்றிப் பேசும்போதே நாம் நினைவுகூர்கிறோம். உண்மையான வெள்ளத்துக்கும் அது பொருந்தும்.

முன்பு புல்லும் மண்ணுமாக இருந்த முற்றங்கள் இந்நீரில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டன. இன்று பல முற்றங்கள் சிமெந்தால் மூடப்பட்டுவிட்டன. ஆகவே, நீர் ஒரே நேரத்தில் கால்வாயை நோக்கி விரைகிறது. வழியிலுள்ள எண்ணெய்க் கறையையும் குப்பையையும் ஆற்றுக்குக் கொண்டு செல்கிறது.

இந்நீரின் ஒரு பகுதியை வீட்டிலேயே மண்ணுக்குள் இறங்கச் செய்யும் எளிய வழி, மழைத் தோட்டம் ஆகும். இது, கூரை நீரைச் சில மணி நேரம் தாங்கி நிற்கும் ஆழம் குறைந்த பள்ளத்தில் அமைந்த தோட்டம். மழையில்லா நாளில் இது வழக்கமான பூந்தோட்டம் போலவே இருக்கும். 1990ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இம்முறை உருவானது. நம் நாட்டின் வடிகால், நீர்ப்பாசனத் துறை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேடும், மழைநீரை அது விழும் இடத்துக்கு அருகிலேயே கட்டுப்படுத்த வேண்டும் என வலியுறுத்துகிறது.

இனி, ஒரு மூலை வீட்டுக்குச் செல்வோம். அங்கு எஞ்சியிருந்த புல்தரைக்கும் சிமெந்து பூச அப்பா எண்ணியிருந்தார். படிவம் நான்கில் பயிலும் மகள், அதில் ஆறு சதுர மீட்டர் இடத்தை மட்டும் மழைத் தோட்டத்துக்காகக் கேட்டாள். அப்பா ஒப்புக்கொண்டார். பாட்டி ஒப்பவில்லை.

"குழி வெட்டித் தண்ணீரை நிற்க வைக்கப் போகிறாயா? போன ஆண்டு உன் அப்பா டிங்கிக் காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்தது மறந்துவிட்டதா?"

பாட்டியின் அச்சம் நியாயமானது. ஏடிஸ் கொசு தெளிந்த நீரிலும் பெருகும். எனினும், அதன் முட்டை பொரிந்து, புழுவாகி, கொசுவாகப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதற்கு முன்பே நீர் வற்றிவிட்டால் கொசு உருவாக முடியாது.

"தேங்கும் நீர் வேறு, தங்கிச் செல்லும் நீர் வேறு, பாட்டி. ஒரு நாளுக்குள் நீர் வற்றவில்லை என்றால் நானே குழியை மூடிவிடுகிறேன்" என்றாள் பேத்தி.

மண்ணைச் சோதிக்க, அவள் வாயிற்கதவின் அருகே 30 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டினாள். அதில் நீரை நிரப்பி, அது இறங்கிய பின் மீண்டும் நிரப்பினாள். மறுநாளும் நீர் அப்படியே நின்றது. அங்கிருந்தது இறுகிய களிமண். சொன்னபடி குழியை மூடினாள். பின்னர், வீட்டின் பக்கவாட்டில் வேறோர் இடத்தைச் சோதித்தாள். மறுநாள் விடியற்காலையில் பாட்டியே கைவிளக்கோடு சென்று குழியை எட்டிப் பார்த்தார். அது வற்றியிருந்தது.

"சரி, இங்கே வெட்டு" என்றார் பாட்டி.

மழைத் தோட்டத்தைக் கீழ்க்காணும் முறையில் அமைக்கலாம்:

1. வீட்டின் அடித்தளத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி, நிலத்தடிக் குழாய், பெரிய மரத்தின் வேர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

2. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி, இரு பங்கு மணல், ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு மக்கிய உரம் கலந்த கலவையை இட வேண்டும். மேலே 15 சென்டிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும். ஆறு சதுர மீட்டர் தோட்டத்தில் இப்பள்ளம் 900 லிட்டர் நீரைத் தாங்கும்.

3. கூரை நீர் இறங்கும் குழாயைத் தோட்டம்வரை நீட்டி, நீர் விழும் இடத்தில் கற்களைப் பரப்ப வேண்டும். இதனால் மண் அரிக்கப்படாது.

4. கால்வாய்ப் பக்கமுள்ள கரையைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். மிகுதி நீர் வீட்டுப் பக்கம் வராமல் அவ்வழியே வெளியேறும்.

5. பள்ளத்தின் நடுவில் ஈரத்தைத் தாங்கும் கல்வாழை, வெட்டிவேர் போன்றவற்றையும், கரையில் செம்பருத்தி, எலுமிச்சைப் புல் போன்றவற்றையும் நடலாம். ஆழமாக இறங்கும் வேர்கள் மண்ணை இறுகவிடாமல் காக்கும்.

அமைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. வாரந்தோறும் உதிர்ந்த இலைகளையும் படிந்த வண்டலையும் அகற்ற வேண்டும். ஒரு நாளுக்கு மேல் நீர் நின்றால், மேல்மண்ணைக் கிளறிச் சரிசெய்ய வேண்டும். மழைத் தோட்டத்தைக் கவனிப்பவர், பூச்சட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கும் நீரையும் மறக்கக் கூடாது. ஏடிஸ் கொசு விரும்பும் இடங்கள் அவையே.

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தது போன்ற பெருவெள்ளத்தை மழைத் தோட்டங்களால் தடுக்க இயலாது. அதற்கு அணை, குளம், அகன்ற ஆறு என வேறு ஏற்பாடுகள் வேண்டும். ஆனால், வழக்கமான பிற்பகல் மழையில் நம் கூரை நீருக்கு நாமே பொறுப்பேற்க முடியும். அண்டை வீட்டார் பலரும் அவ்வாறு செய்தால், தெருக் கால்வாயின் சுமை குறையும்.

அந்த மூலை வீட்டில் இப்பொழுது கல்வாழை பூத்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் தோட்டத்தை முதலில் எட்டிப் பார்ப்பவர் பாட்டிதான். பள்ளம் வற்றியிருப்பதைக் கண்ட பிறகே அவர் தேநீர் அருந்த அமர்கிறார்.

கருத்துணர் கேள்விகள்

1. முற்றங்களுக்குச் சிமெந்து பூசுவதால் ஏற்படும் விளைவுகள் இரண்டினை எழுதுக.

2. 'தேங்கும் நீர் வேறு, தங்கிச் செல்லும் நீர் வேறு' எனும் கூற்றை விளக்குக.

3. பேத்தி முதல் குழியை மூடியதிலிருந்து அவளுடைய பண்புகளைப் பற்றி நீ அறிவது யாது?

4. உன் வீட்டுக் கூரையின் பரப்பைக் கணக்கிட்டு, 10 மில்லிமீட்டர் மழையில் அதிலிருந்து வழியும் நீரின் அளவைக் காண்க. அந்நீரை எவ்வாறு பயன்படுத்தலாம் எனக் குழுவில் கலந்துரையாடுக.