ஹார்லாப் போர்

ஸ்காட்லாந்தின் வடகீழ்ப் பகுதியில், அபர்தீன் நகருக்கு வடமேற்கே, இன்வரூரி என்னும் ஊரையடுத்து ஹார்லா என்றொரு மேட்டு நிலம் உளது. 1411ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள் ஆங்கு நிகழ்ந்த போரைச் 'சிவந்த ஹார்லா' என்று அந்நாட்டார் வழங்குவர். மலைநாட்டாரும் சமநிலத்தாரும் இனப்பகையாற் பொருத போர் இது என்று பிற்காலத்தார் பலர் எழுதினர். அஃது எனக்கு உடன்பாடன்று. வழக்கு நிலத்தைப் பற்றியது.

ராஸ் என்னும் பெருநிலத்தின் தலைவன் அலெக்சாந்தர் லெஸ்லி 1402இல் இறந்தபோது, யூபீமியா என்னும் இளமகள் ஒருத்தியே அவனுக்கு எஞ்சினள். அவளைத் தன் காவலில் வைத்துக்கொண்டவன் அவள் தாயைப் பெற்ற பாட்டனாகிய ஆல்பனிப் பிரபு. அரசன் முதலாம் ஜேம்ஸ் 1406 முதல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டிருந்தமையின், நாட்டை ஆண்டவனும் இவனே. மேற்றிசைத் தீவுகளின் தலைவன் டொனால்டோ, லெஸ்லியின் உடன்பிறந்தாளாகிய மாரியோத்தாவின் கணவன். யூபீமியா துறவு மடம் புகுந்தால் ராஸ் அவள் அத்தைக்கே உரியது என்பது அவன் வாதம்.

ஈண்டு உறவுமுறையைச் சற்றே நோக்குக. டொனால்டை எதிர்த்துப் படை நடத்திய மார் நாட்டுத் தலைவன் அலெக்சாந்தர் ஸ்டூவர்ட், ஆல்பனியின் தம்பி மகன். டொனால்டோ ஆல்பனியின் தங்கை மகன். ஆங்கிலத்தில் இவ்விருவர் உறவையும் குறிக்கும் சொல் யாதும் விளக்காது. நம் மொழியில் ஒருவன் மாமன் மகன், மற்றவன் அத்தை மகன். அன்றியும், மார் தலைவனுக்கு அப்பட்டம் எங்ஙனம் வந்தது? 1404இல் கில்ட்ரம்மிக் கோட்டையைக் கைப்பற்றி, மார் நாட்டுரிமை படைத்த இசபெல்லா என்னும் கைம்பெண்ணை மணந்தே அதனை அவன் பெற்றான். மனைவி வழியாக நிலம் வேண்டினானென்று டொனால்டைத் தடுத்தவனும் மனைவி வழியாகவே நிலம் பெற்றவன்!

டொனால்டு டிங்வாலைப் பிடித்து, இன்வர்னெஸ் நகரைக் கொளுத்தி, அபர்தீனை நோக்கி வந்தான். அவன் படை 10,000 என்பர். அத்தொகை மிகையென்றே தோன்றுகிறது. கவசம் பூண்ட வீரரோடு மார் எதிர்ப்பட்டான். அபர்தீன் நகரத் தலைவர் இராபர்ட் டேவிட்சனும் நகரமாந்தரைக் கூட்டிக்கொண்டு உடன் சென்றார். வாளும் கோடரியுமாய் மலைநாட்டார் மீண்டும் மீண்டும் பாய்ந்தனர், ஈட்டிவரிசை கலைந்திலது. டூவர்ட்டு மக்லீன் குலத்து ஹெக்டரும் டிரம் கோட்டை அலெக்சாந்தர் இர்வினும் தனித்துப் பொருது ஒருவர் கையால் ஒருவர் மாண்டனர் என்பது செவிவழிச் செய்தி. டேவிட்சனும் வீழ்ந்தார். இருள் வந்தபின் மார் படையினர், விடிந்தால் மீண்டும் போர் என்றெண்ணிக் களத்திலேயே சாய்ந்தனர். விடிந்தபோது எதிரே ஒருவரும் இலர். டொனால்டு மேற்கே திரும்பிவிட்டான்.

வென்றவர் யாவர் என இருதிறத்தாரும் நெடுநாள் வாதிட்டனர். ஆயின் நிலம் ஆல்பனியின் பக்கமே நின்றது. அவ்வாண்டே அவன் டிங்வாலை மீட்டான். 1415இல் யூபீமியா தன் உரிமையை ஆல்பனியின் மகன் ஜானுக்கு விட்டுக்கொடுத்தாள். அந்த ஜான் 1424இல் பிரான்சு நாட்டு வெர்னாய்க் களத்தில் மடிந்தான். பின்னர், ஹார்லாவிற் கிட்டாத ராஸ், போரின்றியே மாரியோத்தாவின் மகன் அலெக்சாந்தருக்கு வந்தது. அவன் மகன் ஜான், இங்கிலாந்து மன்னனோடு செய்த மறைவான உடன்படிக்கை வெளிப்பட்டமையால், அதனை 1476இல் இழந்தான்.