கிராமர் விதியும் 1,600 வருஷமும்

அணிகள் பாடத்தில் கிராமர் விதி படித்திருக்கிறோம். மூன்று சமன்பாடு, நாலு அணிக்கோவை. பரீட்சைக்கு அது போதும். அதே விதியை வைத்து 20 சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால்?

"கம்ப்யூட்டர்ட்ட குடுத்தா போட்டுட்டுப் போகுது"ன்னு தோணும். கணக்குப் பாருங்கள். 20 வரிசை அணிக்கோவையை விரித்தால் 20! உறுப்புகள். அப்படி 21 அணிக்கோவை. ஆக மொத்தம் 21!, அதாவது 5-க்குப் பின்னால் 19 சைபர். விநாடிக்கு 100 கோடி உறுப்பு போடும் மெஷினுக்கே 1,600 வருஷம் ஆகும். நின்றசீர் நெடுமாறன் காலத்தில் ஸ்விட்ச் போட்டிருந்தால்கூட இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்! காஸ் நீக்கல் முறையில் இதே கணக்குக்கு 3,060 பெருக்கல், வகுத்தல்தான்.

இப்படி நல்ல வழி தேடுவதே ஒரு தனிப் படிப்பு. அதை நம் நாட்டில் வளர்த்தவர்களில் ஒருவர் ஈரோட்டில் 1933-ல் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி, கான்பூர் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். 1963-ல் அங்கே ஐ.பி.எம். 1620 வந்தது. இன்றைய செல்போன் பக்கத்தில் அது ஒன்றுமேயில்லை. அதில்தான் மாணவர்களுக்கு ஃபோர்ட்ரான் சொல்லிக்கொடுத்தார்கள். 1971-ல் கம்ப்யூட்டருக்கேற்ற எண்ணியல் முறைகள் பற்றி அவர் எழுதிய புத்தகம் பல கல்லூரிகளில் பாடமானது. 1982-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தை நடத்தினார்.

அந்த முறைகளில் எனக்குப் பிடித்தது காஸ்-சீடல்.

4x + y = 9
x + 3y = 5

முதலாவதை x = (9 − y)/4 என்றும், இரண்டாவதை y = (5 − x)/3 என்றும் எழுதுங்கள். y = 0 என்று சும்மா ஆரம்பித்தால் x = 2.25, y = 0.917. மறுபடி போட்டால் x = 2.021, y = 0.993. விடை x = 2, y = 1. தானாகவே பக்கத்தில் வந்துவிடுகிறது!

இப்போது மாற்றிப் போடுங்கள்: x = 5 − 3y, y = 9 − 4x. வருவது 5, −11, 38, −143... எங்கேயோ போயிருது. சமன்பாடு அதேதான். பெரிய கெழு உள்ள மாறியைத் தனியாக எடுத்தோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

'இதனால நமக்கென்ன?' என்று கேட்பவர்கள் 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நடுவழியில் நின்றது. மழை வரும் என்று தெரிந்திருந்தது, இவ்வளவு என்று தெரியவில்லை.

வானிலைக் கணக்கில் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். காற்று, அழுத்தம், ஈரம், வெப்பம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தெரியாத எண்கள். ஒரு கட்டத்தின் விடை பக்கத்துக் கட்டத்தைப் பொறுத்தது. தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கி.மீ. 12 கி.மீ. கட்டம் போட்டால் பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை பத்துப் பதினோரு கட்டம்தான்! 2025-ல் இந்திய வானிலைத் துறை 6 கி.மீ. கட்டத்துக்கு வந்தது. பக்கம் பாதியானால் கட்டம் நாலு மடங்கு. நேரத்தையும் பாதியாக நறுக்கணும், ஆக வேலை எட்டு மடங்கு. நாளைய மழைக்கான விடை நாளை மறுநாள் வந்து பிரயோஜனமில்லையே!

அதனால் வேலையைப் பல ஆயிரம் கம்ப்யூட்டர் மூளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 2015-ல் பெங்களூர் மையத்துக்கு வந்த சஹஸ்ர-டி மெஷினில் 33,000-க்கும் மேல். ஆனால் பக்கத்துக் கட்டத்தின் விடை வரும்வரை ஒவ்வொன்றும் காத்திருக்கணுமே? அந்தக் காத்திருப்பைக் குறைக்கும் வழியைத்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.