ஃபார்ம் 22 இல்லாத கார்

வீட்டிலேயே சொந்தமாக ஒரு கார் கட்டி ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு நான் சொல்லும் முதல் யோசனை, ஒரு குழாயை அறுப்பதற்கு முன் ஃபார்ம் 22-ஐ நிதானமாகப் படித்துவிடுங்கள் என்பதுதான். பதிவு விண்ணப்பமான ஃபார்ம் 20-ஐ நீங்களே நிரப்பலாம். முகவரிச் சான்று கையில் இருக்கும். ஃபார்ம் 22 அப்படியல்ல. அதில் தயாரிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். புகை, பாகங்களின் பாதுகாப்பு, சாலையில் ஓடும் தகுதி ஆகிய மூன்றிலும் இந்த வண்டி விதிகளின்படி இருக்கிறது என்று அவர் கொடுக்கும் உறுதிமொழி அது. அந்த உறுதிமொழிக்கு மதிப்பு வருவது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆவது விதியால். ஒரு மாதிரி வண்டியைப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட், நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தின் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையம் ஒன்றில் சோதனைக்குக் கொடுத்துத் தேறியிருக்க வேண்டும். அதன் பிறகு அதே அச்சில் ஆயிரம் வண்டி வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளரின் காகிதமே போதும். ஒரே ஒரு வண்டி செய்தவருக்கும் விதி இதுவேதான். அவர் செய்திருக்கும் அந்த ஒன்றே மாதிரி, அதுவே சரக்கு.

கார் கட்டுகிறவர் மனத்தில் இருக்கும் சித்திரம் வேறு. வேலை முடிந்ததும் திருச்சி பிராட்டியூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியைக் கொண்டுபோவோம், பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி ஒரு சுற்று ஓட்டுவார், பிரேக் பிடிக்கிறது, லைட் எரிகிறது, ஸ்டியரிங் ஆடவில்லை என்றால் நம்பர் கொடுத்துவிடுவார் என்று நினைக்கிறார்கள். முதல் பதிவின்போது இன்ஸ்பெக்டர் செய்யும் வேலையைக் கவனித்தால் இது எவ்வளவு தவறு என்று தெரியும். சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் காகிதத்தோடு ஒப்பிடுகிறார். காகிதம் சொல்லும் வண்டிதான் எதிரில் நிற்கிறதா என்பதே அவருடைய கேள்வி. நல்ல வண்டியா என்ற கேள்விக்குச் சோதனை நிலையம் எப்போதோ பதில் சொல்லிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. சந்தேகம் இருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு என்ன ஆனது என்று பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட டீலர் விற்கும் புது வண்டியை முதல் பதிவுக்கு அதிகாரி முன்னால் கொண்டுவந்து நிறுத்தவே தேவையில்லை என்கிறது அது. பார்க்காமலே நம்பர் கொடுக்கலாம் என்றால், நம்பர் கொடுப்பது பார்வையை நம்பி அல்ல என்றுதானே அர்த்தம்? இன்ஸ்பெக்டருக்கு உங்கள் வேலைத்திறன் பிடித்துப்போனாலும் அவரால் எதுவும் செய்ய முடியாது. சோதனையில் தேறிய மாடல்களின் விவரம் வாகன் கணினி அமைப்பில் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் கார் இல்லை. இங்கே முடியாவிட்டால் ஸ்ரீரங்கம் ஆபீசில் கேட்டுப் பார்க்கலாம், டி.என். 45 இல்லாவிட்டால் டி.என். 48, அதுவும் இல்லாவிட்டால் டி.என். 81 என்று சொல்லும் புரோக்கரை அதனால்தான் நம்ப வேண்டாம் என்கிறேன். காவிரிப் பாலத்தைத் தாண்டினாலும் திரையில் வருவது அதே பட்டியல்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு; அதைத் திருச்சிக்காரர்களிடம் சொல்வது சுலபம். கொதிகலன் செய்து பிழைக்கும் ஊர் இது. பெல் தொழிற்சாலையும் அதைச் சுற்றித் துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் முளைத்த பட்டறைகளும் ஐ.பி.ஆர். (இந்தியன் பாய்லர் ரெகுலேஷன்ஸ்) என்ற மூன்றெழுத்தோடு தினமும் புழங்குகின்றன. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலிருந்து தொடர்ந்து வரும் கொதிகலன் விதிகளில் சோதிக்கப்படுவது ஒவ்வொரு கொதிகலனும்தான். தகட்டுக்கு ஆலைச் சான்று இருக்கிறதா, வெல்டர் தேர்வு எழுதித் தேறியவரா, பற்றவைத்த இடங்களை எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று கட்டும்போதே படிப்படியாக ஆய்வு நடக்கிறது. கடைசியில் வேலை செய்யும் அழுத்தத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீரை ஏற்றி, ஆய்வாளர் நேரில் பார்த்துத் தேறினால் அந்த ஒரு கொதிகலனுக்கென்று பதிவு எண் பிறக்கிறது. வெடித்தால் ஒரு கட்டடத்தையே தூக்கிவிடக்கூடிய பொருள் அது. அதை ஒற்றை ஒற்றையாகச் சோதித்து ஏற்க ஒரு நடைமுறை நூறாண்டாக இருக்கிறது. நாலு சக்கரத்தில் ஓடும் ஒன்றுக்கு இல்லை. கைத்திறன் இல்லாததால் என்றும் சொல்ல முடியாது. பொன்மலை ரயில்வே பணிமனை 2021-இல் ஊட்டி மலை ரயிலுக்காக நிலக்கரியில் ஓடும் புது நீராவி இன்ஜினையே செய்து அனுப்பியது. கொதிகலன் சட்டம் பொருளைப் பார்க்கிறது, மோட்டார் சட்டம் மாடலைப் பார்க்கிறது என்பதுதான் வித்தியாசம். லட்சக்கணக்கில் ஒரே அச்சில் வருகிறவற்றுக்கு மாடலைப் பார்ப்பது சிக்கனம். ஒன்றே ஒன்று செய்தவரிடமும் மாடலைக் கேட்பது அர்த்தமில்லாதது.

உடனே வரும் மறுப்பை லேசாகத் தள்ள முடியாது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 சாவுகள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இந்த நிலையில் வீட்டுக் கொல்லையில் கட்டிய வண்டியையும் விட வேண்டுமா என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். வட மாநிலங்களில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினைப் பொருத்தி ஆள் ஏற்றிய ஜுகாட் வண்டிகளும், சென்னையில் பழைய ஸ்கூட்டர் இன்ஜின் வைத்த மீன்பாடி வண்டிகளும் அவருக்குச் சாட்சி. ஜுகாடும் மோட்டார் வாகனம்தான், பதிவும் இன்சூரன்சும் இல்லாமல் அது ஓடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த வண்டிகள் எந்த வாசல் வழியாக வந்தன? வாசலே இல்லாததால் சுவரேறி வந்தன. சோதனைக்கு வா என்று கூப்பிட ஓர் இடம் இருந்தால், வராதவனைப் பிடிப்பதில் அரசுக்குக் கூச்சம் இருக்காது. வருகிறவன் பிரேக்கை அதிகாரி பார்த்திருப்பார். இப்போது யாருமே பார்ப்பதில்லை. தவிர, பிழைப்புக்காக ஆள் ஏற்றும் வண்டியையும் பொழுதுபோக்காக ஒன்று கட்டி ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவரின் காரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு தொழில்நுட்பம் தெரிந்தவர்களிடமிருந்து வருவது, இதுதான் கனமானது. மோதல் சோதனையில் கார் நொறுங்கிப்போகும். ஒரே கார் வைத்திருப்பவர் எதை மோதவிடுவார், எதை ஓட்டுவார்? பிரிட்டன் இதற்குக் கண்டிருக்கும் வழி கவனிக்கத்தக்கது. அங்கே கிட் கார் என்பது பல பத்தாண்டுப் பழக்கம். பாகங்களைப் பெட்டியில் வாங்கி வீட்டில் பூட்டுகிறார்கள். 1998-இல் வந்த தனி வாகன ஒப்புதல் முறையை 2009-இல் கடுமையாக்கி ஐ.வி.ஏ. என்று மாற்றினார்கள். மோதிப் பார்க்காமல் சீட் பெல்ட் பூட்டும் இடங்கள், ஸ்டியரிங் தண்டு, பிரேக் விசை, கூரான விளிம்பு, கண்ணாடி, விளக்கின் கோணம், சத்தம், புகை என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். தனக்காகத் தானே கட்டிய ஒற்றை வண்டி என்பதற்கு ரசீதும் புகைப்படமும் கேட்கிறார்கள். எந்த ஆண்டு வண்டி என்று நிறுவ முடியாவிட்டால் க்யூ என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர் கொடுத்து, வாங்குகிறவன் எச்சரிக்கையாக இருக்க வழி செய்கிறார்கள். மோதல் பாதுகாப்பில் இது பெரிய கார்களுக்கு இணையாகாது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த அபாயம் ஒரு வண்டியோடு நிற்கிறது. மோதல் சோதனையே அறியாத பழைய கார்களும் ஜீப்புகளும் எஃப்.சி. எடுத்துக்கொண்டு நம் தெருக்களில் சட்டப்படிதான் ஓடுகின்றன. உலகம் முழுவதும் செல்லும் 17 எழுத்துச் சேசிஸ் எண் முறையிலேயே சிறு எண்ணிக்கையில் தயாரிப்பவருக்கு மூன்றாவது இடத்தில் 9 என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் சட்டமும் தனி வண்டியைப் பார்க்கத் தெரியாத சட்டமல்ல. மாற்றுத்திறனாளிகளின் ஸ்கூட்டரில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் பூட்டுகிறோம். 52-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு அந்த மாற்றத்தைச் செய்துகொண்டு பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் வாங்க அனுமதிக்கிறது. ஐம்பது ஆண்டைத் தாண்டிய பழங்கார்களுக்கு 2021-இல் தனி விதிகள் வந்தன: மாநிலக் குழு பார்த்து ஒப்புக்கொண்டால் வி.ஏ. என்ற எழுத்துடன் நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்க்கவும் மட்டும் ஓட்டலாம். வீட்டில் கட்டிய காருக்கு வேண்டியது ஏறக்குறைய இதே சட்டைதான். தையல்காரர் தயாராக இருக்கிறார், அளவுதான் எடுக்கவில்லை. வெளிநாட்டுத் தரத்தில் தேறிய கார்களை ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை இங்கே மறுபடி மாதிரிச் சோதனை இல்லாமல் இறக்கலாம் என்று 2018-இல் சலுகை கொடுத்தார்கள். எண்ணிக்கை குறைவு என்பது சோதனையைத் தளர்த்த ஒரு காரணம் என்று அரசே ஏற்றுக்கொண்ட பிறகு, ஒன்று என்ற எண்ணிக்கைக்கு அது பொருந்தாதா? புதுமையை ஊக்குவிக்கச் சில வகை வண்டிகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்குத் தரும் அதிகாரத்தை 2019 திருத்தம் 2-பி பிரிவாக மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. புதுச் சட்டம் கேட்டுப் போராட வேண்டியதில்லை, ஒரு விதி எழுதினால் போதும்.

அந்த விதி வரும்வரை பட்டறைகளில் சொல்லப்படும் குறுக்கு வழிகளைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. பழைய மாருதி ஒன்றின் ஆர்.சி. புக்கை வாங்கி, அதன் சேசிஸ் எண் பதித்த தகட்டை மட்டும் வெட்டிப் புதுச் சட்டகத்தில் பற்றவைத்தால் முடிந்தது என்பார்கள். அது பதிவு அல்ல, போலி. கிரிமினல் வழக்கில் போய் நிற்கும். சேசிஸை அப்படியே வைத்து மேல்பாடியை மட்டும் மாற்றினால் என்ன என்பது அதைவிட நாகரிகமான கேள்வி. தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை இறுக்கமாகவே வாசித்தது. மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 182-ஏ சொல்கிறது. அபராதத்தைவிட இன்சூரன்ஸைத்தான் நான் பெரிதாக நினைப்பேன். பதிவில்லாத வண்டி யார்மேலாவது மோதினால் நஷ்ட ஈடு முழுவதும் கட்டியவர் தலையில்தான் விழும், வீடு போகும். அதிகாலையில் உத்திர வீதியில் ஆள் இல்லை, கொள்ளிடக் கரையில் யார் வருகிறார்கள் என்ற சமாதானமும் செல்லாது. பொதுமக்கள் போக உரிமையுள்ள இடமெல்லாம் சட்டத்தின் கண்ணில் பொது இடமே.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒரு கொல்லர் பழைய பாகங்களைக் கொண்டு, காலால் உதைத்துக் கிளப்பும் குட்டி ஜீப் ஒன்றைச் செய்தார். விதிகளுக்குப் பொருந்தாததால் இன்றோ நாளையோ அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள் என்று 2021 டிசம்பரில் மஹிந்திரா வாகன நிறுவனத்தின் ஆனந்த் மஹிந்திரா வெளிப்படையாகவே எழுதி, அதற்கு மாற்றாக ஒரு பொலிரோ தருவதாகச் சொன்னார். அடுத்த மாதம் கொடுத்தும்விட்டார். குட்டி ஜீப் அவர் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையச் சேகரிப்புக்குப் போனது. எல்லோரும் கைதட்டிய கதை. ஆனால் செய்தவர் கைக்குக் கடைசியில் வந்தது ஃபார்ம் 22 உள்ள வண்டிதான். எல்லோருக்கும் பொலிரோ கிடைக்காது என்பதால், கட்டியே தீர வேண்டும் என்கிறவர் இடத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். சுவர் சூழ்ந்த வளாகமோ பந்தயத் தடமோ என்றால் பதிவுப் பேச்சே இல்லை. கோவையின் கரிவரதன் மாருதி இன்ஜின் வைத்துக் கட்டிய ஃபார்முலா கார்கள் தடத்திலேயே ஒரு தலைமுறை ஓட்டுநர்களை உருவாக்கின. கல்லூரி மாணவர்கள் பாஹா போட்டிக்காகக் கட்டும் வண்டிகளும் அப்படித்தான். அப்படிக் கட்டும்போதும் ஐ.பி.ஆர். தேர்வு தேறிய வெல்டரிடமே பற்றவையுங்கள், குழாய்க்கும் இன்ஜினுக்கும் பில் வாங்குங்கள், பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் பெயின்ட் அடிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். என்றாவது தனி வண்டி ஒப்புதல் வந்தால் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான். சாலையில்தான் ஓட்ட வேண்டும் என்றால் இன்றைக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் பாதை, ஆர்.சி. உள்ள பழைய கார் ஒன்றில் அங்கீகாரம் பெற்ற மின்சாரக் கிட்டைப் பொருத்துவது. கிட்டுக்கு ஏ.ஐ.எஸ். 123 தரப்படி சோதனைச் சான்று இருக்கிறதா, உங்கள் கார் மாடலுக்கு அந்தச் சான்று பொருந்துமா, பொருத்துகிறவர் அதற்கு அனுமதி பெற்றவரா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். மாற்றத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் மின்சாரம் என்று ஏறி வரும்வரை, கழற்றிய பழைய இன்ஜினைக் காயலான் கடைக்குப் போடாமல் வையுங்கள்.