மரக்கலத்தின் சிற்றுரு

நுழையும்முன்

கல்லால் எழுப்பிய கோயில் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. ஓலையில் எழுதிய நூல் படியெடுக்கப்பட்டு வாழ்கிறது. மரத்தால் கட்டிய கலமோ உப்புநீராலும் வெயிலாலும் நைந்து, சில பத்தாண்டுகளில் மறைந்துவிடுகிறது. அத்தகைய கலத்தைக் கட்டிய அறிவைக் காக்கும் வழிகளுள் ஒன்று மாதிரிக்கப்பல் செய்யும் கலை. பொழுதுபோக்காகக் கருதப்படும் அக்கலையின் பயனை இப்பாடம் விளக்குகிறது.

தொன்மை

கலங்களைச் சிறிய உருவில் செய்யும் வழக்கம் மிகப் பழைமையானது. எகிப்தில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெக்கெட்ரே என்னும் உயர் அலுவலரின் கல்லறையிலிருந்து, 1920ஆம் ஆண்டில் மரப்படகு உருக்கள் பல கண்டெடுக்கப்பட்டன. துடுப்பு வலிப்போரும் அவற்றில் செதுக்கப்பட்டிருந்தனர். அக்காலப் படகு வாழ்வை அறிய அவை இன்று சான்றாக விளங்குகின்றன. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டு முதல் போர்க்கப்பல்களுக்கு அளவு பிசகாத மாதிரிகள் செய்யப்பட்டன. இன்று உலகெங்கும் ஆர்வலர் பலர் ஓய்வுநேரக் கலையாக இதனைப் போற்றி வருகின்றனர்.

அளவும் பொருளும்

மாதிரிக்கப்பலின் உயிர்நாடி அளவாகும். 1:48 என்பது பெருவழக்கான அளவுகளுள் ஒன்று. உண்மைக் கலத்தின் ஓர் அடி, மாதிரியில் கால் அங்குலமாகும் என்பது இதன் பொருள். இவ்வளவில் 30 அடி நீளப் படகு ஏழரை அங்குலமாகச் சுருங்கும். ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தகடாகும். 12 மில்லிமீட்டர் பருமனுள்ள கயிறு, கால் மில்லிமீட்டர் நூலாகும்.

இத்துணை மெல்லிய பலகையைப் பிளவுபடாமல் வளைக்க வேண்டுமாயின், மரத்தின் ரேகை ஓடும் திசையை அறிதல் வேண்டும். நீரில் நனைத்து இளஞ்சூட்டில் வளைத்தால் பலகை இணங்கும். ரேகைக்கு மாறாக வளைத்தால் முறியும். பெருங்கலம் கட்டிய கம்மியர் கையறிந்த உண்மையைச் சிறுகலம் செய்பவரும் இவ்வாறு தம் விரல்களால் அறிகின்றனர்.

கப்பலுக்குரிய வலிய மரங்கள் பெரும்பாலும் கடற்கரையில் விளைவன அல்ல, மலைக்காடுகளில் விளைவன. எனவே கப்பற்கலையில் மலைக்கும் பங்குண்டு. மாதிரி செய்வதற்கோ பெருமரம் வேண்டுவதில்லை. சேர்வராயன் மலையில் ஏற்காடு, கரடியூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்த காப்பித் தோட்டங்களில், கிழக்கு ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் நிழல்மரமாக வளர்க்கப்படுகிறது. அத்தகைய மரத்தில் கழித்த சிறு துண்டுகளும், மூங்கிற் சிம்புகளும், பருத்தி நூலும், கூரிய கத்தியுமே போதும். கடலையே காணாத மலையூர் மாணவரும் கலம் சமைக்கலாம்.

சோழமண்டலக் கரையின் தைத்த படகு

ஐரோப்பியக் கப்பலின் மாதிரியைச் செய்வோர் முதலில் எரா என்னும் அடிமரத்தை அமைப்பர். அதன்மேல் வங்குகளை நிறுத்தி, பின்னர்ப் பலகைகளைப் பொருத்துவர். ஆனால் எல்லாக் கலங்களும் இம்முறையில் கட்டப்பட்டவை அல்ல. சென்னைக் கரையில் வழங்கிய மசூலா படகு இதற்குச் சிறந்த சான்றாகும்.

சென்னையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. பெருங்கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் உருவாகும்வரை, பயணிகளும் சரக்குகளும் மசூலா படகுகளிலேயே கரை சேர்ந்தனர். இப்படகில் வங்குகள் இல்லை. இரும்பு ஆணிகளும் இல்லை. பலகைகளில் துளையிட்டு, இணைப்பின்மீது வைக்கோற்புரி போன்றவற்றை வைத்து, தென்னைநார்க் கயிற்றால் தைத்தனர். அலை மோதும்போது விறைத்து நின்ற படகுகள் உடைந்தன. தைத்த படகோ நெகிழ்ந்து கொடுத்துத் தப்பியது. பிரெஞ்சுக்காரர் இவ்வகைப் படகைச் செலிங்க் என்றனர். சலங்கு என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபே அது.

இப்படகிற்கு மாதிரி செய்பவர், எளிமை கருதி உள்ளே வங்குகளை ஒட்டிவிட்டால் புறத்தோற்றம் பிழையின்றி அமையலாம். ஆயினும் அது பொய்யுருவே ஆகும். படகை அலையிலிருந்து காத்த நுட்பம் அதில் இராது. கட்டிய முறையையும் வரிசையையும் பின்பற்றிய மாதிரியே ஆவணம் எனும் தகுதியைப் பெறும்.

ஆவணமாக்கிய ஒருவர்

தமிழகக் கடற்கரையின் படகு கட்டுவோர் ஓடாவியர் எனப்படுவர். அவர்களுடைய அளவுகள் பெரும்பாலும் கைப்பழக்கத்திலும் நினைவிலும் வாழ்ந்தன, வரைபடங்களில் அல்ல. அவற்றின் அருமையை உணர்ந்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் எட்மண்ட் பாரிஸ் (1806 - 1893). உலகைச் சுற்றிய கடற்பயணங்களில், ஐரோப்பாவிற்கு வெளியே வாழ்ந்த மக்களின் கலங்களை அவர் அளந்து வரைந்தார். சோழமண்டலக் கரையின் தைத்த படகும் கட்டுமரமும் அவற்றுள் அடங்கும். அவ்வரைபடங்கள் 1840களில் நூலாக வெளிவந்தன. ஓர் இயந்திர விபத்தில் ஒரு கையை இழந்த பின்னரும் அவர் தம் பணியை விடவில்லை. 1871 முதல் பாரிசு நகரின் கடற்படை அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்து, தாம் வரைந்த கலங்களுக்கு மாதிரிகள் செய்வித்தார். சென்னைக் கரையில் அலையைக் கடந்த மசூலா படகுகள் வழக்கொழிந்தன. அவற்றின் அளவுகள் அவ்வரைபடங்களில் எஞ்சின.

இன்றைய தேவை

இன்று தமிழகக் கடற்கரையில் மரக்கலங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெரிதும் பெற்றுள்ளன. அவை பராமரிக்க எளியவை. மீனவரின் உழைப்பைக் குறைப்பவை. எனவே இம்மாற்றத்தைக் குறைகூறுதல் முறையன்று. ஆயினும் மரக்கலம் கட்டும் முதியோர் வாழும் காலத்திலேயே அவர்தம் அளவுகளையும் கலைச்சொற்களையும் பதிவு செய்யாவிடில், பின்னர் அவற்றை மீட்டல் அரிது. ஓடாவி ஒருவரிடம் கேட்டு, அளந்து, வரைந்து, அவ்வரிசைப்படியே ஒரு சாண் அளவில் கலம் செய்யும் மாணவர், ஒரு கலைப்பொருளோடு அதனை ஆக்கிய அறிவையும் காக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வழங்கும் படகு, மாட்டுவண்டி, ஏர் ஆகியவற்றுள் ஒன்றின் உறுப்புகளை அளந்து, 1:10 என்னும் அளவில் வரைபடம் உருவாக்குக.
2. அதனைச் செய்யும் கைவினைஞரிடம் உரையாடி, அவர் பயன்படுத்தும் கலைச்சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் வழங்குக.