ஐப்பசி, கார்த்திகையில் ஆர்க்கிட் வளர்ப்போர் செய்ய வேண்டியவை

அயோத்தியாப்பட்டணம் வட்டாரத்தில் மொட்டை மாடியிலும் வாசல் பந்தலிலும் ஆர்க்கிட் வைத்திருப்பவர்கள் முதல் வேலையாக மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். மாசி, பங்குனியில் பூ வருமா வராதா என்பது பெரும்பாலும் இப்போதே முடிவாகிவிடுகிறது. அதில் பாதி, வேருக்குப் போகும் தண்ணீரைப் பொறுத்தது.

நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு மிகுந்தது. சோறு வடிக்கும் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைப் படிவம்தான் ஆர்க்கிட் தொட்டியின் மரக்கரியிலும் ஓட்டுத் துண்டிலும் ஏறுகிறது. ஆர்க்கிட் வேரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாக இருக்கும். தண்ணீர் பட்டால் சற்று நேரத்தில் பச்சையாக மாறும். வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை தண்ணீரை உறிஞ்சுவதால் வரும் மாற்றம் இது. மரக்கிளையில் மழையை நம்பி வாழப் பழகிய வேர் அது. உப்பு அதில் தங்கத் தங்க, பச்சையாக இருக்க வேண்டிய நுனி பழுப்பாகிக் கருகுகிறது. நுனி கருகிய செடி உயிரோடு இருக்கும். ஆனால் பூங்கதிர் விடும் வலு அதற்கு இருக்காது.

100 சதுர அடி கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர் கிடைக்கும். முதல் பத்து நிமிடத் தண்ணீரில் தூசியும் பறவை எச்சமும் வரும், அதை ஓடவிடுங்கள். பிளாஸ்டிக் டிரம்மே போதும். புதுச் சிமெண்ட் தொட்டி வேண்டாம், அதிலிருந்தும் சுண்ணாம்பு கரையும். டெங்கு காலம் என்பதால் டிரம் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். 20 செடி வைத்திருப்பவருக்குக் கோடையில் நாளுக்கு 5 லிட்டர் என்றால் மூன்று மாதத்துக்கு 450 லிட்டர் வேண்டும். 200 லிட்டர் டிரம் இரண்டு நிறைந்தாலே பெரும்பகுதி தீர்ந்தது. மழை கைகொடுக்காவிட்டால் ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிநீரை ஊற்றலாம். அது கழித்துவிடும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே வெள்ளை படிந்த தொட்டிகளை இந்த மழையில் இரண்டு மூன்று முறை நன்றாக நனையவிட்டால் படிவத்தில் ஒரு பகுதி கழுவிப் போகும்.

அதன்பின் செடியை மழையிலேயே விட்டுவிடக் கூடாது. ஃபெலனாப்சிஸின் குருத்தில் தண்ணீர் தேங்கி ஓரிரவு நின்றாலே அழுகல் தொடங்கலாம். தேங்கினால் பஞ்சால் ஒற்றி எடுங்கள், அல்லது தொட்டியைச் சாய்வாகத் தொங்கவிடுங்கள். இலையில் ஈரப்புள்ளி பரவி நாற்றம் வந்தால், நெருப்பில் காட்டிய பிளேடால் நல்ல பகுதியும் சிறிது சேர வெட்டி, வெட்டுவாயில் பட்டைத் தூள் தடவுங்கள். புது வேர் நுனியை நத்தை தின்னும். இரவில் டார்ச் அடித்துப் பார்த்துப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து கிடையாது.

ஏற்காட்டில் வாங்கி வந்த செடி இங்கே ஏன் பூக்கவில்லை என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. குப்பனூர் வழியாக ஏறினால் கொஞ்ச நேரத்தில் மேலே போய்விடலாம். ஆனால் ஏற்காடு நம்மைவிட 1,000 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. குளிர் ஏழெட்டு டிகிரி கூடுதல். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963இல் அங்கே தேசிய ஆர்க்கிட் தோட்டத்தை அமைத்ததற்கு அந்தத் தட்பவெப்பம் ஒரு வசதி. அங்கே செழிக்கும் குளிர்ப்பிரதேசச் செடிகளை இங்கே கொண்டுவந்து வாட்ட வேண்டாம். மலைக் காட்டில் பிடுங்கியதை யாராவது விற்றால் வாங்கவே வாங்காதீர்கள். காப்புக்காட்டில் செடி எடுப்பது குற்றம் என்பதோடு, கிளையிலிருந்து பிய்த்த வேர் கீழே பிழைப்பதும் அரிது.

நம் சமவெளிக்கு டென்ட்ரோபியம் கலப்பினங்களே ஏற்றவை. சோனியா, எம்மா ஒயிட் போன்றவை 50 சத நிழல்வலைக்குக் கீழே நன்றாகப் பூக்கும். மேகமூட்டம் நீடிக்கும் நாட்களில் இரட்டை வலை போட்டிருப்பவர்கள் ஒன்றைச் சுருட்டி வையுங்கள். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சையே பூக்கும் செடியின் நிறம். வெளிச்சம் குறைந்து தழைச்சத்து மட்டும் கூடினால் பூ வர வேண்டிய கணுவில் குட்டிச்செடி முளைக்கும். ஆகவே 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், மூட்டமான வாரத்தில் அதையும் நிறுத்துங்கள். இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்டாதீர்கள். அது காய்ந்து சுருங்காதவரை சேமிப்பை வைத்திருக்கிறது, அதிலிருந்தும் கதிர் வரும்.

ஃபெலனாப்சிஸுக்கு இங்கே வாய்ப்புக் காலம் மார்கழியும் தையும்தான். பகலும் இரவும் 28 டிகிரிக்கு மேலேயே நின்றால் அது இலை விடுமே தவிர, கதிர் விடாது. சில வாரங்களாவது இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். பகல் முழுக்கச் சூடேறிய தளத்தின் அடியில், மூடிய அறையில் வைத்தால் அந்தக் குளிர் செடிக்குத் தெரியாது. கார்த்திகைப் பின்பாதியிலேயே இரவுக் காற்று படும் கிழக்குத் திண்ணைக்கோ திறந்த ஜன்னலுக்கோ மாற்றுங்கள். இலைக்கு அடியில் முளைப்பது வேரா கதிரா என்று குழம்பினால் நுனியைப் பாருங்கள்: வேர் வழவழப்பாக உருண்டிருக்கும், கதிரின் நுனி சற்றுத் தட்டையாக ஒரு பக்கம் கூர்ந்திருக்கும். கதிர் தெரிந்த பிறகு தொட்டியைத் திருப்பாதீர்கள், மொட்டு வரிசை கோணிவிடும். மொட்டு வந்தபின் பழுத்த வாழைத்தாரையும் ஊதுபத்திப் புகையையும் அதன் அருகில் வைக்காதீர்கள். இரண்டிலிருந்தும் வரும் எத்திலீன் வாயு மொட்டை மஞ்சளாக்கி உதிர்க்கும்.

தொட்டி மாற்றும் வேலையை இப்போது தொட வேண்டாம். மாசியில் புது வேர் கிளம்பும்போது செய்துகொள்ளலாம். அதற்கான மரக்கரியை மட்டும் இந்த மழைத் தண்ணீரிலேயே ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி எடுத்து வையுங்கள்.