அட்வான்ஸை முழுசாகத் திரும்ப வாங்க: சாவி வாங்கும் நாளிலேயே வேலையை ஆரம்பியுங்கள்

பெங்களூரிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. பதினைந்து நாளில் ஜாயின் பண்ண வேண்டும். அங்கே வீடு பிடிக்க ரொக்கம் தேவை. உங்கள் ரொக்கமோ தொண்டாமுத்தூர் ஓனரிடம் அட்வான்ஸாகக் கிடக்கிறது. மாத வாடகை 9,000 ரூபாய் என்றால் மூன்று மாதத்துக்கு 27,000. "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை புடிச்சுக்கறேனுங்க" என்கிறார் ஓனர். உங்கள் அவசரம் அவருக்கு நன்றாகத் தெரியும். சம்பள உயர்வு பேசப் போகும்போது எவ்வளவு தயாரிப்போடு போவீர்களோ, அதே தயாரிப்பு இங்கேயும் வேண்டும், அதுவும் வீடு எடுக்கும் நாளிலிருந்தே.

1. சட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

2. தேய்மானம் வேறு, டேமேஜ் வேறு. குடியிருந்ததாலேயே வருவது தேய்மானம். அதற்குக் காசு பிடிக்க முடியாது. உங்கள் கையாலோ கவனக்குறைவாலோ வந்தது டேமேஜ். வெயில் பட்டு மங்கிய பெயிண்ட் தேய்மானம். குழந்தை கிரேயானில் கிறுக்கிய சுவர் டேமேஜ். தொண்டாமுத்தூர் மலையடிவாரத்து ஊர். தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பீரோவுக்குப் பின்னால் சுவரில் ஓதம் ஏறும், இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து, தொட்டால் மாவாக உதிரும். அது கட்டடத்தின் கோளாறு. ஆனால் முதல் மழையிலேயே போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பியிருக்க வேண்டும். சொல்லாமல் இரண்டு வருஷம் விட்டால், "நீங்க சொல்லவே இல்லீங்களே" என்பார். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

3. யார் செலவு என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்தே சொல்கிறது. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. குழாய், வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை உங்கள் பொறுப்பு. போர் தண்ணீர் உப்புப் படிந்து இறுகிப்போன குழாயைப் பற்றி ஓனரிடம் வாதாடாதீர்கள். காலி செய்வதற்கு முந்தின வாரமே பிளம்பரைக் கூப்பிட்டு நீங்களே மாற்றிவிடுங்கள். ஓனர் எழுதும் எஸ்டிமேட் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும்.

4. வீடு எடுக்கும்போதே அக்ரிமெண்டில் பெயிண்டிங் சார்ஜ் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையெழுத்துக்கு முன்னாலேயே பேசி அடித்துவிடுங்கள். வீடு வாடகைக்குப் போக வேண்டும் என்ற அவசரம் ஓனருக்கு இருக்கும் ஒரே நாள் அதுதான்.

5. சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்குவதற்கு முன், ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். ஆணி ஓட்டை, டைல்ஸ் விரிசல், சிங்க் கறை எதையும் விடாதீர்கள். அதை ஓனருக்கே வாட்ஸ்அப் பண்ணுங்கள். வாதம் வந்தால் தேதியோடு இருக்கும் அந்த வீடியோதான் உங்களுக்குப் பேசும்.

6. மரியாதை குறையாமல், ஆனால் கணக்காகப் பேசுங்கள். "ஏனுங்க, எந்த சாமானுக்கு எவ்வளவுன்னு பில்லோட எழுதிக் குடுங்க, சரியா இருந்தா கழிச்சுக்கலாமுங்க" என்று கேளுங்கள். மொத்தமாக 9,000 என்றவர், ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் இறங்கி வருவார். வராவிட்டால், இந்தச் சட்டப்படி வாடகை அத்தாரிட்டி இருக்கிறது என்று தன்மையாக ஞாபகப்படுத்துங்கள். ஒப்பந்தத்தை அங்கே பதிவு செய்திருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

7. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதனால் சாவியைக் கொடுக்கும்போது மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். ஓனரும் கூட நிற்க, காலி வீட்டை இன்னொரு வீடியோ எடுங்கள். "இன்று சாவி ஒப்படைத்தேன், ரீடிங் இவ்வளவு, என் அக்கவுண்ட் நம்பர் இது" என்று அங்கேயே நின்று மெசேஜ் போடுங்கள். ஒரு மாதக் கெடு அன்றிலிருந்து ஓடும்.